டிரைவ் 'சரி' என்கிறது, கரண்ட் போய் வந்தால் மூன்று மட்டும் பழைய மதிப்புக்குப் போகிறது

லைன்நாலு | பாயான் லெப்பாஸ் | சனி, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் லைனில் ஓவனுக்கு முன்னும் பின்னும் சேர்த்து 14 கன்வேயர். ஒவ்வொன்றுக்கும் மோட்டாரை ஓட்டும் ஒரு டிரைவ், எல்லாம் ஒரே கேன்ஓப்பன் (சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) கம்பியில், வேகம் 250 கிலோபிட். மேலே எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் கணினியாக ஒரு பிஎல்சி. கன்வேயர் கிளம்பும்போது பேலட் மேல் இருக்கும் போர்டுகள் நகர்ந்துவிடுகின்றன என்று புகார் வந்தது. அதனால் ஆக்சலரேஷன் நேரத்தை 3 வினாடியிலிருந்து 5 வினாடி ஆக்கச் சொன்னார்கள். டிரைவில் 30 என்று இருந்ததை 50 ஆக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் மாட்டி, சப்ளையர் கொடுத்த டூலில் 14-க்கும் 50 எழுதினேன். திருப்பிப் படித்தேன், 14-லும் 50. அப்புறம் ஸேவ் கட்டளையும் 14-க்கும் அனுப்பினேன். டூல் பச்சை நிறத்தில் '14/14 அனுப்பப்பட்டது' என்றது. எட்டாவதின் பெல்ட்டைத் தவிர மூன்று வாரம் பிரச்சினை இல்லை.

வியாழன் சாயங்காலம் இடி மழையில் கரண்ட் போய் வந்தது. இப்போது 7-ம் 9-ம் பழையபடி வெடுக்கென்று கிளம்புகின்றன. படித்துப் பார்த்தால் 30. எட்டாவதிலும் 50 இல்லை. மற்ற 11-லும் 50 அப்படியே இருக்கிறது. ஓட்டத்தில் 8 மட்டும் பரவாயில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் அதன் பெல்ட்டை மாற்றினோம், அதனால் இருக்கலாம்.

மூன்று டிரைவும் ஒரே நேரத்தில் கெட்டுப் போகுமா?

ராத்திரிஷிஃப்ட் | கூலிம் | ஞாயிறு, காலை 12:05

டெர்மினேட்டர், அதான் கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டும் ரெசிஸ்டர், பார்த்தீங்களா பாஸ்? பவரை ஆஃப் பண்ணிவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. எங்கள் ஆள் ஒருத்தன் நடுவில் மூன்றாவதாக ஒன்றை மாட்டி 40 காட்டிய கதையும் உண்டு.

லைன்நாலு | ஞாயிறு, காலை 12:20

பார்த்தேன் அண்ணே, 60. எர்ரர் கவுன்ட்டரும் பூஜ்யம்.

பழையஃபியூஸ் | பெராய் | ஞாயிறு, காலை 8:15

தம்பி, கம்பியில் கோளாறு இல்லை. கம்பி கெட்டிருந்தால் எழுதவே விட்டிருக்காது.

நீங்கள் எழுதிய 50 முதலில் போய் உட்காருவது ராம் என்ற தற்காலிக நினைவகத்தில். டிரைவ் அதை வைத்துத்தான் ஓடும், கேட்டால் அதையே சொல்லும். கரண்ட் போனால் ராம் காலி. திரும்ப வரும்போது ஈப்ராமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில், இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆகவே 14-லும் 50 என்று படித்ததை வைத்து ஸேவ் ஆனதாக நினைக்காதீர்கள். ஸேவ் பண்ணுவதற்கு முன்னாலேயே படித்திருக்கிறீர்கள். பின்னால் படித்தாலும் ராமில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கும்.

இந்த மூன்றும் ஸேவை வாங்கவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

லைன்நாலு | ஞாயிறு, காலை 9:02

ஆனால் டூல் 14/14 என்று சொன்னதே அண்ணே?

ஓம்சக்தி120 | பட்டர்வொர்த் | ஞாயிறு, காலை 10:30

டூல் என்ன சொன்னது என்று நீங்களே மறுபடி படியுங்கள் தம்பி. 'அனுப்பப்பட்டது' என்றுதான் சொல்லியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டதும் மாப்பிள்ளை வீட்டார் வந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்று எழுதி வைப்பீர்களா?

அந்த டூலில் எங்காவது டிரேஸ் ஜன்னல் இருக்கும். அன்றைய லாக் கோப்பு இருந்தால் 607-லும் 587-லும் தொடங்கும் வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். பக்கத்தில் ஒழுங்காக இருக்கும் டிரைவ் ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லைன்நாலு | ஞாயிறு, பகல் 2:17

லாக் இருந்தது அக்கா. லேப்டாப் ஆபீஸில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் உள்ளே போக வேண்டியதாயிற்று. செக்யூரிட்டி கார்டு ஒரு மாதிரி பார்த்தார்.

முதலில் நல்ல டிரைவ், எண் 1:

601   23 10 10 01 73 61 76 65
581   60 10 10 01 00 00 00 00

இது எண் 7:

607   23 10 10 01 73 61 76 65
587   80 10 10 01 22 00 00 08

8, 9 இரண்டிலும் இதே மாதிரிதான், 588, 589 என்று மட்டும் மாறுகிறது.

ஓம்சக்தி120 | ஞாயிறு, பகல் 3:05

கிடைத்துவிட்டது. புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். மேலே இருக்கும் எண்கள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறு அடிமான எண்கள்.

ஒரு டிரைவிடம் 'இந்த அமைப்பை மாற்று' என்று சொல்ல கேன்ஓப்பனில் இருக்கும் வழி எஸ்டிஓ. கேட்பவர் 600-உடன் டிரைவ் எண்ணைக் கூட்டி அந்த முகவரியில் கேட்பார். டிரைவ் 580-உடன் தன் எண்ணைக் கூட்டிப் பதில் சொல்லும். அதனால்தான் 607, 587.

607 வரியில் முதல் 23, 'நாலு பைட் எழுதப் போகிறேன்' என்பது. அடுத்த 10 10, எழுத வேண்டிய இடம் 1010, அதாவது அமைப்புகளைச் சேமிக்கும் பொருள். 01 என்பது அதன் முதல் உட்பிரிவு, 'எல்லாவற்றையும் சேமி' என்று அர்த்தம். கடைசி நாலு பைட்தான் எனக்குப் பிடித்தது. 73 61 76 65 என்பதை ஆஸ்கி எழுத்தாகப் படித்தால் ஆங்கிலத்தில் 'ஸேவ்' என்று வரும். சும்மா 1 என்று எழுதினால் சேமிக்காது, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொன்னால்தான் சேமிக்கும். யாரும் தெரியாத்தனமாக எழுதிவிடக் கூடாது என்றுதான் தரநிலையிலேயே இப்படி வைத்தார்கள்.

இப்போது பதில். எண் 1 சொன்னது 60, எழுதியாகிவிட்டது. எண் 7 சொன்னது 80, அது அபார்ட், முடியாது என்று அர்த்தம். காரணம் கடைசி நாலு பைட்டில் இருக்கிறது. தலைகீழாகப் படிக்க வேண்டும்: 08000022. 'சாதனம் இப்போது இருக்கும் நிலையில் இதை ஏற்க முடியாது.'

இருக்கும் நிலை என்றால் பெரும்பாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது ஈப்ராமில் எழுத மாட்டேன் என்று பல டிரைவ்கள் மறுக்கும். ஸேவ் அனுப்பியபோது மற்ற 11-ம் நின்று, இந்த மூன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்ததா? இவை எங்கே இருக்கின்றன?

லைன்நாலு | ஞாயிறு, பகல் 3:21

அக்கா!! ஓவன் வாயில்.

7, 8, 9 மூன்றும் ஓவனிலிருந்து வெளியே வரும் பக்கம். லைனை நிறுத்தினாலும் இந்த மூன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட போர்டு கருகிவிடுமே. நான் ஸேவ் பண்ணியது சாப்பாட்டு நேரத்தில். லைன் நின்றிருந்தது, ஓவன் சூடாகத்தான் இருந்தது.

50 எழுதியதை மட்டும் எப்படி வாங்கிக்கொண்டது?

ஓம்சக்தி120 | ஞாயிறு, பகல் 3:40

ராமில் எழுதுவதற்கு ஓட்டம் தடையில்லை, பல டிரைவ்களில் ஆக்சலரேஷனை ஓடும்போதே மாற்றலாம். ஈப்ராமில் எழுதத்தான் தடை. எதை எப்போது அனுமதிப்பது என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும், மேனுவலில் ஒவ்வொரு பாராமீட்டர் பக்கத்திலும் போட்டிருப்பார்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முதல் பதிவில் 7-லும் 9-லும் 30 என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாவதில் '50 இல்லை' என்று மட்டும் இருக்கிறது. அதில் எவ்வளவு?

லைன்நாலு | ஞாயிறு, பகல் 3:44

அதுவா, 300 என்று காட்டியது அக்கா. டூல் ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டேன்.

கட்டடக்காரன் | கோலாலம்பூர் | ஞாயிறு, மாலை 5:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஃபேக்டரி ஆள் இல்லை, கட்டடங்களில் ஏசிக்கான சில்லர், ஏஹெச்யு பார்ப்பவன், எங்களுக்குக் கேன்ஓப்பன் இல்லை, மோட்பஸ் என்ற வேறு முறைதான். எனக்கு ஒரு சந்தேகம். டிரைவில் சேமிக்கவே வேண்டாமே? பவர் வரும் ஒவ்வொரு தடவையும் பிஎல்சியே எல்லா டிரைவுக்கும் அமைப்பை அனுப்பிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. டிரைவ் எரிந்து புதிது மாட்டினாலும் தானாக அமைந்துவிடும்.

பழையஃபியூஸ் | ஞாயிறு, மாலை 6:30

நல்ல வழிதான் தம்பி, கேன்ஓப்பனில் அதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. மாஸ்டரில், அதாவது பிஎல்சியில், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு அமைப்புக் கோப்பு வைத்துவிடலாம். டிரைவ் எழுந்ததும் மாஸ்டர் 1020-ஐப் படித்துப் பார்க்கும், கடைசியாக அமைத்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். தன்னிடம் இருப்பதோடு ஒத்துப்போனால் மறுபடி அனுப்பாது, இல்லையென்றால் முழுவதும் அனுப்பும். நடுவில் யாராவது கைவைத்தால் டிரைவ் 1020-ஐப் பூஜ்யம் ஆக்கிவிட வேண்டும் என்பது விதி.

ஆனால் நான் இதை எல்லா இடத்திலும் போட மாட்டேன். முன்பு ஒரு பேக்கிங் லைனில் பார்த்தது. ராத்திரி டெக்னீஷியன் கீபேடில் கரண்ட் லிமிட்டைச் சரியாக மாற்றி வைப்பார். காலையில் யாராவது பேனலை ஆஃப் ஆன் பண்ணினால் பிஎல்சி இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பை எடுத்து மேலே ஊற்றிவிடும். நாலு நாள் இரண்டு ஷிஃப்டும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கோப்பு எழுதிய ஆள் வேலையை விட்டு சிங்கப்பூர் போயிருந்தார்.

பிஎல்சி வைத்திருக்க வேண்டும், அல்லது டிரைவ் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் வைத்திருந்தால் சண்டைதான்.

ராத்திரிஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 6:52

எப்போதும் ராத்திரி ஷிஃப்ட் மேல்தான் பழி லா.

கட்டடக்காரன் | ஞாயிறு, இரவு 8:20

» இரண்டு பேரும் வைத்திருந்தால் சண்டைதான்

அதைவிட மோசமாக நான் ஒன்று பண்ணியிருக்கிறேன், சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கட்டடத்தில் பம்ப் டிரைவுக்கு அதிகபட்ச வேகத்தை மோட்பஸ் வழியாக அனுப்பினேன். ஃபங்ஷன் 06, ஒரு ரெஜிஸ்டர். யாராவது கீபேடில் மாற்றிவிடப் போகிறார்களே என்று பத்து வினாடிக்கு ஒரு தடவை அதே மதிப்பை அனுப்பும்படி எழுதி வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

மூன்றாவது மாதம் டிரைவ் மெமரி பிழை என்று நின்றது. அப்புறம்தான் மேனுவலை ஒழுங்காகப் படித்தேன். அந்த ரெஜிஸ்டரில் எழுதினால் நேராக ஈப்ராமுக்குப் போகும். ஈப்ராமுக்கு எழுதும் ஆயுள் உண்டு, சாதாரணமாக 1,00,000 தடவை என்று போட்டிருப்பார்கள். பத்து வினாடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 8,640. பன்னிரண்டே நாளில் கணக்கு முடிந்தது, அதற்கு மேல் அது ஓடியது அதன் பெருந்தன்மை. ராமில் மட்டும் எழுத வேறொரு ரெஜிஸ்டர் அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

ஆக லைன்நாலு தம்பிக்கு எழுதினது தங்கவில்லை, எனக்கு எழுதி எழுதியே தேய்ந்துவிட்டது.

பழையஃபியூஸ் | ஞாயிறு, இரவு 8:45

கேன்ஓப்பன்காரர்கள் ஸேவைத் தனிக் கட்டளையாகப் பிரித்து வைத்தது இதற்கும் சேர்த்துத்தான் நல்லதாயிற்று. மோட்பஸ் 1979-இல் பிறந்த பிள்ளை. அதற்கு ரெஜிஸ்டர் என்றால் ரெஜிஸ்டர்தான், உள்ளே என்ன நடக்கிறது என்பது சாதனம் செய்தவன் பாடு.

டிவைஸ்நெட் (கேன் கம்பியில் ஓடும் இன்னொரு முறை) ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அதில் இன்னொரு கூத்து. சாஃப்ட்வேரில் முகவரி வைக்கும் சாதனங்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது 63-இல்தான் இருக்கும். 0 முதல் 63 வரை இடம் இருந்தும் இரண்டு புது சாதனங்களை ஒரே நேரத்தில் மாட்டினால் இரண்டும் 63 கேட்டு, ஒன்று வெளியே நிற்கும். ஒவ்வொன்றாக மாட்டி, முகவரி மாற்றி, அப்புறம் அடுத்ததை எடுக்க வேண்டும். சாப்பாட்டை மறந்து உட்கார்ந்த நாள்கள் அவை.

லைன்நாலு | ஞாயிறு, இரவு 9:30

இன்னொரு சந்தேகம். லைன் ஓடும்போது நான் எஸ்டிஓ அனுப்பினால் பிஎல்சியின் வேலை கெடுமா? எங்கள் சூப்பர்வைசர் லேப்டாப் மாட்டவே பயப்படுகிறார்.

ஓம்சக்தி120 | ஞாயிறு, இரவு 10:05

கேன் கம்பியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் சின்ன எண் உள்ளவருக்குத்தான் வழி. பிஎல்சியின் ஓட்டக் கட்டளைகள் போகும் பிடிஓ (ஓட்டத் தகவல் செய்தி) எண்கள் வழக்கமாக 200-இல் தொடங்குகின்றன, உங்கள் எஸ்டிஓ 580-க்கு மேல். அது ஒதுங்கி நின்று இடம் கிடைத்தால்தான் போகும். எனவே நெரிசல் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. அந்தக் கம்பியில் கடவுச்சொல் கிடையாது. தப்பான எண்ணுக்கு எழுதினாலும் யார் நீ என்று கேட்காது. 7-க்கு எழுத நினைத்து 6 என்று தட்டினால் 6 சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். சூப்பர்வைசர் பயப்படுவது சரிதான், ஆனால் அவர் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

இனி எட்டாவது. மத்தியானம் முழுவதும் அந்த 300 என் மண்டையில் ஓடியது. டூல் உளறவில்லை என்று நினைக்கிறேன். அந்த டிரைவ் மட்டும் எப்போதாவது மாற்றப்பட்டதா?

லைன்நாலு | ஞாயிறு, இரவு 10:12

ஆமாம் அக்கா, போன வருடம் எரிந்து போய்ப் புதிது மாட்டினோம். சப்ளையர் ஆள் வந்து செட் பண்ணிவிட்டுப் போனார். அதே மாடல்தான்.

ஓம்சக்தி120 | ஞாயிறு, இரவு 10:20

அதே மாடல், அதே ரிவிஷனா? 1018-இல் மூன்றாவது உட்பிரிவைப் படியுங்கள். 608-இல் இதை அனுப்பினால் போதும்:

608   40 18 10 03 00 00 00 00

607-க்கும் அதையே அனுப்பி ஒப்பிடுங்கள். படிப்பது மட்டும்தான், எதுவும் மாறாது.

என் சந்தேகம் இது. மற்ற டிரைவ்களில் 30 என்றால் 3.0 வினாடி. எட்டாவதில் அலகு நூறில் ஒரு பங்கு வினாடியாக இருந்தால் 300-தான் 3 வினாடி, அந்த ஆள் சரியாகத்தான் செட் பண்ணியிருக்கிறார். அதன் மேல் நீங்கள் 50 எழுதியிருக்கிறீர்கள்.

லைன்நாலு | ஞாயிறு, இரவு 10:31

50 என்றால் அரை வினாடி.

அக்கா, அந்த மூன்று வாரமும் எட்டாவது மட்டும் பேலட்டைத் தூக்கிப் போட்டது. பெல்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் மாற்றினோம். மாற்றிவிட்டு ஓட்டினால் நன்றாக இருந்தது. கரண்ட் போய் 300-க்குத் திரும்பியதால்தான் நன்றாக ஓடியிருக்கிறது!

ராத்திரிஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 10:33

பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

லைன்நாலு | ஞாயிறு, இரவு 10:35

போட்டுவிட்டோம். 380 வெள்ளி.

பழையஃபியூஸ் | திங்கள், காலை 7:50

நான் முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த 300 என் கண்ணில் படவில்லை. அக்காவுக்கு ஒரு தே தாரேக் என் கணக்கில்.

தம்பி, ஓவன் காலியாகி ஆறின பிறகு, மூன்றையும் நிறுத்திவிட்டு ஸேவ் பண்ணுங்கள். ஒவ்வொன்றிலும் 60 வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஈப்ராமில் எழுதக் கொஞ்ச நேரம் எடுக்கும், பதில் தாமதமாக வந்தால் அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள். அப்புறம் பேனலை ஆஃப் பண்ணி, டிரைவ் திரை முழுவதும் அணையும் வரை காத்திருந்து, ஆன் பண்ணிப் படியுங்கள். கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும் வரை ராம் உயிரோடு இருக்கும், நம்மை ஏமாற்றும்.

லைன்நாலு | திங்கள், காலை 8:10

தைப்பூசத்துக்கு லைன் நிற்கும், ஆனால் அன்றைக்கு நான் அம்மாவோடு தண்ணீர்மலையில் இருப்பேன், பால்குடம். அதற்கு முந்தின நாள் ராத்திரி, கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் செய்கிறேன். ரத ஊர்வலத்தால் ரோடு அடைத்திருப்பார்கள், சுற்றித்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

லைன்நாலு | தைப்பூசம் முடிந்த மறுநாள், இரவு 9:15

முடிந்தது. 1018 படித்தேன், எட்டாவதின் ரிவிஷன் எண் மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறு. புது மேனுவலை சப்ளையரிடம் கேட்டு வாங்கினேன், அலகு 0.01 வினாடி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது.

7-க்கும் 9-க்கும் 50, 8-க்கு 500. ஓவன் ஆறும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றும் 60 சொன்னது. எட்டாவதின் பதில் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது, அண்ணே சொன்னது ஞாபகம் வந்து கையைக் கட்டிக்கொண்டேன். பேனலை ஆஃப் பண்ணி ஐந்து நிமிடம் கழித்து ஆன் பண்ணினேன். 50, 500, 50. இன்று காலையில் ஒரு போர்டு கூட நகரவில்லை.

எட்டாவதின் பேனல் கதவில் 'இங்கே மட்டும் பூஜ்யம் ஒன்று கூட' என்று மார்க்கரில் எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன். சூப்பர்வைசர் சிரித்தார், ஆனால் கிழிக்கவில்லை.

ஓம்சக்தி120 | அதே நாள், இரவு 9:40

நல்லது. ஸ்டோரில் ஸ்பேர் டிரைவ் இருக்கிறதா? அவற்றின் ரிவிஷன் என்ன?

லைன்நாலு | அடுத்த நாள், காலை 10:05

போய்ப் பார்த்தேன் அக்கா. மூன்று பெட்டி இருக்கிறது. மூன்றும் புது ரிவிஷன்.